முதல் வரியை வெட்டியவன்

"கொஞ்சம் எடுக்கிறீங்களா?" என்று கேட்டபோது அவள் அவனைப் பார்க்கவே இல்லை... இருக்கையில் இருந்த பெட்டியைத்தான் பார்த்தாள்.

மே மாதத்துச் சனிக்கிழமை. வெளியே கொட்டு கொட்டென்று கொட்டும் மழை. டிராலி பஸ்ஸில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இருக்கை. அதில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அதன் சொந்தக்காரன்... ஒல்லியாய், நெடுநெடுவென்று, மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, கேட்டது யார் என்றே தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றான். அவள் இடுப்பிலும் ஒரு பெட்டி. பூப்போட்ட மேசை விரிப்பில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தாள்.

"இது நனையக் கூடாதுங்க" என்றான்.

"பஸ்ஸுக்குள்ள எங்க மழை பெய்யுது? கீழே வைங்க."

"கீழே தண்ணி நிக்குதே."

"அப்ப என்னோடது மட்டும் நீச்சல் தெரிஞ்ச பெட்டியா?"

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டினான். அப்போதுதான் பார்த்தான்... பச்சையா பழுப்பா என்று முடிவு செய்ய முடியாத இரண்டு கண்கள். இமை ஓரத்தில் மழைத்துளி. கோபத்தில் அவை இன்னும் பெரிதாகியிருந்தன. அந்த நொடியிலேயே விழுந்துவிட்டதாக அவன் இன்றைக்கும் சத்தியம் செய்வான். சும்மா சொல்கிறான், என் பெட்டியின் ப்ராசஸர் என்ன என்றுதான் எட்டிப் பார்த்தான் என்பாள் அவள். இரண்டு பேர் வாயாலும் இந்தக் கதையைப் பல முறை கேட்டவன் நான், அதனால் எனக்கு இதில் சந்தேகம் எதுவும் இல்லை... இரண்டும் நடந்திருக்கும்.

சண்டையை முடித்து வைத்தது கண்டக்டர் அம்மாள். இரண்டு பெட்டிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அந்த இருக்கையில் ஏற்றிவிட்டு, அவை உட்காரட்டும், நீங்கள் இருவரும் நின்று பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நின்றார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் பெட்டிகள் சாய, நான்கு கைகளும் ஒரே கயிற்றைப் பிடித்தன. வாசகசாலை நிறுத்தத்தில் அவனும் இறங்கினான், அவளும் இறங்கினாள்...

"நீங்களுமா?" என்றான் அவன்.

"ஏன், பொண்ணுங்க லினக்ஸ் போடக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கீங்களா?"

அவன் பெயர் கலோயன். டான்யூப் நதிக்கரையில் இருக்கும் எங்கள் ரூசெ ஊர் ரயில் நிலையத்தில், வண்டி வரும் நேரம் போகும் நேரம் காட்டுகிற பலகைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவள் நெவேனா. சிலிஸ்த்ராவிலிருந்து ஒரு மாதம் முன்புதான் எங்கள் ஊருக்கு வந்து, சந்தைத் தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்திருந்தாள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அது. இப்போது எல்லாரும் தாள் கணக்கில் மெலிந்த கம்ப்யூட்டரைப் பையில் போட்டுக்கொண்டு காபிக் கடைக்குப் போகிறார்கள். எங்கள் லினக்ஸ் குழுவுக்கோ, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மாட்டுவண்டிக் கனம் கனக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசகசாலையின் மாடிப்படி ஏறினால்தான் மாதம் கழிந்த மாதிரி. மானிட்டர்கள் அங்கேயே கிடக்கும். பெட்டியைச் சொருக வேண்டியது, தன் முறை வந்ததும் எழுந்து நின்று சொல்ல வேண்டியது... பெட்டியின் பெயர் என்ன, உள்ளே என்ன ப்ராசஸர், நினைவகம் எவ்வளவு, எந்த லினக்ஸ், திரையை எப்படி அமைத்திருக்கிறேன். துறைமுகத்தில் கிரேன் மின்வேலை பார்க்கும் ஸ்தாமென் அண்ணன்தான் எங்களுக்குத் தலைவர். அவர் தன் பெட்டிக்கு மாமியார் பெயரை வைத்திருந்தார். முனகிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒருநாளும் நிற்காது என்பார். அவர் மனைவி கொடுத்தனுப்பும் பானித்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தின் எண்ணெய், பாதிப் பேரின் கீபோர்டில் இருக்கும். அந்த வாசனையோடு சூடான தூசி வாசனையும் கலந்து வருமே... இன்றைக்கும் எங்காவது பழைய மானிட்டரைப் போட்டால் எனக்குப் பசிக்கும்.

கம்ப்யூட்டரை இயக்கும் இந்த லினக்ஸில், திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி வைப்போம். அதில் ஒரு விசேஷம் உண்டு. சில வரிகளுக்கு முன்னால் ஒரு குறி போட்டுவிட்டால், கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். அது மனுஷர் மனுஷருக்கு எழுதும் வரி. யாருடைய கோப்பையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம், இஷ்டப்படி மாற்றலாம். ஒன்றே ஒன்று மட்டும் கூடாது... தலையில் இருக்கும் எழுதியவர் பெயரை நீக்கக் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அதை மீறியவனுக்கு எங்கள் கூட்டத்தில் யாரும் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள்.

அன்றைக்குக் கலோயன் முறை வந்தது. ஒரு வருஷமாக எங்கள் குழுவின் இணையப் பக்கத்தில் முதல் படமாக இருப்பது அவன் திரைதான். நவம்பரில் சோபியாவில் நாடு முழுக்க இருந்து எல்லாக் குழுக்களும் கூடும் போது, ரூசெயின் சார்பில் அவன்தான் போய்க் காட்டுவான் என்று எழுதாத முடிவு. அன்று அவனுக்கு வழக்கத்தைவிட உற்சாகம். மூன்றாம் வரிசையில் பச்சைப் பழுப்புக் கண்கள் இருந்தனவே... கோப்பையே திறந்து ப்ரொஜெக்டரில் காட்டினான்.

நெவேனா முதலில் நிறத்தைத்தான் பார்த்தாள். கலங்கிய சாம்பல் பச்சை. அடுத்து, அதன் மேல் இருந்த குறிப்பு...

'இது டான்யூபின் நிறம். நீலம் என்று சொல்கிறவர்கள் வந்து பார்க்கட்டும்.'

அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். கீழே இன்னொன்று.

'அடுத்த வரி ஏன் வேலை செய்கிறது என்று எனக்கே தெரியாது. தொடாமல் இருப்பது நம் இருவருக்கும் நல்லது.'

அறை சிரித்தது. கலோயனும் சிரித்தான். இன்னும் கீழே...

'ஞாயிற்றுக்கிழமை. யாரும் வரவில்லை. கடிகாரத்தை வலப்பக்கம் நகர்த்தினேன். கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.'

சிலிஸ்த்ராவில் அவள் அப்பா வேறு வீடு பார்த்துக்கொண்டு பிரிந்துபோன அந்த வருஷத்தில் அவளே எழுதியது அது. யாரிடமும் சொல்ல முடியாததைக் கம்ப்யூட்டர் படிக்காத வரியில் எழுதிவைத்து, யாராவது படிக்கட்டும் என்று இணையத்தில் ஒரு ஃபோரத்தில் போட்டிருந்தாள். அந்த ஃபோரம் மூடப்பட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கோப்பின் தலையில் தன் பெட்டியின் பெயரைத்தான் தன் பெயராகப் போட்டிருந்தாள்... கைசியா. அவர்கள் பக்கத்துத் தோட்டங்களில் காய்க்கும் மஞ்சள் பழத்தின் பெயர். 'எழுதியது கைசியா. எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வரியை மட்டும் விட்டுவையுங்கள்.'

திரையில் அந்த வரி இல்லை.

ஒருவேளை யாரோ வெட்டியதை இவன் அறியாமல் எடுத்திருப்பானோ... என்று அவள் நினைத்து முடிப்பதற்குள், அந்த ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு அழகாக இருக்கிறது, நீயா எழுதினாய் என்று ஸ்தாமென் அண்ணன் கேட்டார். கலோயன் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தான்.

அடுத்து அவள் முறை. எழுந்தாள். என்ன செய்வாள் பாவம்... திரையைப் போட்டால், வந்த முதல் நாளே கலோயனைப் பார்த்துக் காப்பியடித்தவள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். வாயைத் திறந்தால், படம் போட்டு ஒரு வருஷமாகக் கொண்டாடப்படுகிறவனோடு நேற்று வந்தவள் வம்பு வளர்ப்பதாக ஆகும். என் வீட்டுக்குள் நான் நுழைய அடையாளச் சீட்டா காட்ட வேண்டும் என்று அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மழையில் பெட்டி நனைந்துவிட்டது, எழ மாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தேநீர் இடைவேளையில் எல்லாரும் கீழே இறங்கியதும் கலோயன் ஸ்க்ரூ டிரைவரோடு அவள் மேசைக்கு வந்தான். பஸ்ஸில் தண்ணீர் நின்றது என்று நான் சொன்னேனே, கேட்டீர்களா என்று குறும்பு வேறு. அவள் தடுக்கவில்லை. நீங்களே போட்டுப் பாருங்கள் என்று நகர்ந்துகொண்டாள். அவன் பொத்தானை அழுத்தினான். பெட்டி ஒரு குறையும் இல்லாமல் எழுந்தது. சாம்பல் பச்சைத் திரை... வலப்பக்கம் கடிகாரம். அவள் குனிந்து கோப்பைத் திறந்து, முதல் வரியில் விரலை வைத்தாள்.

அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"சொல்லுங்க, எப்படி ரிப்பேர் பண்ணலாம்?" என்றாள்.

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். அவள் மேசை விரிப்பைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். எதிரே தேநீரோடு ஏறிவந்த எனக்கு வழிகூட விடவில்லை. என் சட்டையில் கறை பட்டதுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே செய்தி.

ஜூன் கூட்டத்துக்கு அவள் வரவில்லை. எங்கள் தெருக்களெல்லாம் லிண்டன் பூ மணந்த மாதம்... கலோயன் மட்டும் ஜலதோஷம் பிடித்தவன் போலத் திரிந்தான். ஜூலையில் ஒருநாள் அவன் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தான். கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்றான். அவள் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் காட்டினாள். கடைசி வரியைப் படித்தான். அதற்கு மேல் வரியையும் படித்தான்.

"நல்லா தெரியுதே" என்றாள். "உங்களுக்கு முதல் வரி மட்டும்தான் தெரியாது போல."

"மன்னிச்சிடுங்க, நெவேனா. நான்தான் வெட்டினேன். தெரிஞ்சேதான் வெட்டினேன்."

அவள் விளக்கை அணைத்துவிட்டு அட்டையைச் சுருட்டினாள். இவன் ஏன் இப்படிக் கண்ணைப் பார்த்து உண்மை பேசித் தொலைக்கிறான்... பொய் சொல்லியிருந்தால் வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

"அறை நிறைய ஆள் இருக்கும்போது எடுத்துக்கிட்டீங்க" என்றாள். "ஆளில்லாத நேரம் பார்த்து வந்து திருப்பிக் குடுக்கிறீங்க. இதுக்குப் பேர் மன்னிப்பா? உங்க கண்ணு நல்லா இருக்கு. அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

வெளியே அடுத்தவர் யாரும் இல்லை.

ஆகஸ்டில் எங்களுக்குக் கூட்டம் கிடையாது, பாதிப் பேர் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை, சோபியாவுக்குப் போகிறவர் பெயரை முடிவு செய்யும் நாள். நெவேனா அன்றும் வரவில்லை. கலோயன் பெட்டியைச் சொருகினான். வழக்கம்போல் ப்ராசஸர், நினைவகம் எல்லாம் சொன்னான். ஜெர்மனியிலிருக்கும் மாமா வாங்கிக்கொடுத்த பெட்டி என்றான். பிறகு கோப்பைத் திறந்தான். முதல் வரி இருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. அவனே சத்தமாகப் படித்தான்.

இந்தத் திரை தன்னுடையது இல்லை என்றான். மாணவர் விடுதியில் கைமாறி வந்த ஒரு சிடியில் கிடைத்தது, கைசியா என்பது நெவேனா, மே மாதம் அவர் பெட்டி நன்றாகத்தான் எழுந்தது, தன்னால்தான் அவர் காட்ட முடியாமல் போனார் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். நிறமும் கடிகாரமும் குறிப்புகளும் அவருடையவை. தான் செய்தது, பெயரை நீக்கியது ஒன்றுதான் என்றான்.

ஸ்தாமென் அண்ணன் எழுந்து ஜன்னலைத் திறந்தார், மறுபடி மூடினார். அவருக்குக் கலோயன் மேல் பிள்ளைப் பாசம். கடைசியில், படத்தை இன்றைக்கே எடுத்துவிடு என்று குழுவின் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் என்னைப் பார்த்துச் சொன்னார். அவன் பக்கம் திரும்பவே இல்லை. கலோயன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். யாரும் வழியனுப்பவில்லை, நானும்தான். அன்றைக்கு எனக்கு அவன் மேல் அவ்வளவு கோபம், இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை நான்தான் கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எல்லார் முன்னாடியுமா?"

எல்லார் முன்னாலும்தான் என்றேன். மே மாதத்தில் நடந்ததைக்கூட விடவில்லை என்றேன். ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்துத் துடைத்தாள்... துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் வந்தாள். அவள் பெட்டியைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்தோம். பக்கவாட்டு மூடி கிடையாது. விசிறியைக் கம்பி கட்டி நிறுத்தியிருந்தாள். நினைவகத் தகடு இரண்டும் வெவ்வேறு ஜாதி. ஓட்டை உடைசல் எல்லாம் சேர்த்து, நானூறு லேவா பணம் கொடுத்து வாங்கும் புதுப் பெட்டி ஓடாத வேகத்தில் ஓடவைத்திருந்தாள். கோப்பில் புதுக் குறிப்புகள் வேறு. அறை சிரித்தது, கைதட்டியது. சோபியாவுக்கு நீதான் என்று ஸ்தாமென் அண்ணன் அங்கேயே அறிவித்தார். அவள் முகம் மலர்ந்தது உண்மை. ஆனால் கண் மட்டும் வரிசை வரிசையாய்த் தேடியது... அவன் வரவில்லை. இனி வரமாட்டான் என்று நினைக்கிறேன் என்றேன் நான், அவள் கேட்காமலே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். கலோயன் நடைமேடையில் ஏணி மேல் நின்று ஒரு பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான். கீழே யாரோ ஏணியைப் பிடித்துக்கொண்டதை உணர்ந்து குனிந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"இறங்குங்க" என்றாள். "ஒண்ணு கேக்கணும்."

இறங்கினான். கையெல்லாம் தூசி. அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"எதுக்கு வெட்டினீங்க? பேர் வாங்கவா?"

"பாதி அதுக்குத்தான்."

"மீதிப் பாதி?"

புக்கரெஸ்ட் வண்டி வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவன் காத்திருந்தான். வண்டி போனபின் மெதுவாகச் சொன்னான்...

"விடுதியில எனக்குப் பேச்சுத்துணையே கிடையாது. அந்தக் குறிப்புங்கதான் துணை. எழுதினது ஆணா பெண்ணா, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. ஆனா யாரும் வராத ஞாயித்துக்கிழமை எனக்கும் இருந்துச்சு. ரெண்டு வருஷம் தினம் படிச்சேன். மேல அந்தப் பேர் இருக்கிற வரைக்கும், இவ்வளவும் வேற யாரோ ஒருத்தரோடதுன்னு அது சொல்லிட்டே இருந்துச்சு... வெட்டிட்டா என்னோடது ஆயிடும்னு நினைச்சேன். திருட்டுதான், இல்லைங்கல. பிடிச்சுப் போய்த் திருடினேன். அப்புறம் உங்களைப் பார்த்தேன். முதல்ல உங்களைப் பிடிச்சுது, அப்புறம்தான் எழுதினதும் நீங்கன்னு தெரிஞ்சுது. அதுக்கு மேல எனக்கு எதுவும் சொல்லத் தகுதி இல்லை."

நெவேனா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாராவது படிக்கட்டும் என்று போட்ட வரிகள்... ஒருவன் படித்திருக்கிறான். தினம் தினம் படித்திருக்கிறான்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள். "அஞ்சு மாசமா இந்தக் கோபம் போகவே மாட்டேங்குது. ஏன் போகலைன்னு நேத்துதான் யோசிச்சேன். பிடிக்காத ஒருத்தன் வெட்டியிருந்தா, ரெண்டே நாள்ல மறந்திருப்பேன்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"சோபியாவுக்கு நான் போறேன்" என்றாள், இன்னும் தண்டவாளத்தைப் பார்த்தபடியே. "நீயும் வர்ற."

"அண்ணன் என்னை விடமாட்டார். பெட்டி தூக்கக்கூட ஆள் இருப்பாங்க..."

"பெட்டி தூக்க நாலு பேர் நான் நீன்னு நிக்கிறாங்க. அதுக்கு உன்னை யார் கூப்பிட்டா?" நெவேனா திரும்பி, தூசி படிந்த அவன் கையைப் பிடித்தாள். "எனக்காக வா."